பிபா என்ன தின்றது

2016 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரியா தீபகற்பத்தின் பூசெத் ஊரில் பிபா என்ற ஏழு வயதுப் பெண் நாய் விடிந்ததிலிருந்து ஐந்து முறை வாந்தி எடுத்திருந்தது.

அதன் சொந்தக்காரர் எட்ஸியோ பஞ்சிச் நாயைத் தன் கோட்டில் சுற்றித் தூக்கிவந்து, மூடியிருந்த கால்நடை மருத்துவமனைக் கதவை முழங்கையால் இடித்தார். பின்னால் அவர் மனைவி ஒந்தினா நின்றார். வாந்தி துடைத்த துண்டை டாக்டரிடம் காட்ட ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். சில நாட்களாகவே தெற்கிலிருந்து யூகோ அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஈரக்காற்று வீசும் நாட்களில் எங்கள் ஊரில் கதவுகள் சரியாக மூடாது, யாருக்கும் தலைவலி விடாது, யார் என்ன பேசினாலும் சண்டையில் போய் முடியும்.

டாக்டர் நிவெஸ் ரிட்டோஷா மருத்துவமனைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தாள். கையில் காபிக் கோப்பையோடு இறங்கிவந்து கதவைத் திறந்தாள்.

"விஷம்," என்றார் எட்ஸியோ. "விஷம் வச்சுட்டாங்க."

"உள்ள வாங்க பார்பா. மேசை மேல படுக்க வைங்க." அப்பா வயதுக்காரர்களை அவள் பார்பா என்றுதான் கூப்பிடுவாள். "யாரு வச்சாங்கங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்."

"யாருன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

நிவெஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

எட்ஸியோ சொன்னது அவளுடைய தம்பி டாரியோவை. எட்ஸியோவும் அவனும் மிர்னா ஆற்றங்கரைக் காட்டில் நாய்களை வைத்து ட்ரஃபிள் தேடுபவர்கள். கருவாலி மரங்களின் வேருக்கருகே மண்ணுக்குள் விளையும் அந்த வெள்ளைக் காளான் இலையுதிர்காலத்திலிருந்து ஜனவரி முடியும்வரைதான் கிடைக்கும். அந்தச் சில மாதங்களில் கிடைப்பதை வைத்துத்தான் வருடம் ஓட வேண்டும். முந்தைய பருவத்தில் டாரியோவின் நாய் காட்டில் யாரோ போட்ட விஷக்கறியைத் தின்று செத்துப்போனது. போட்டது எட்ஸியோதான் என்று டாரியோ மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான். எட்ஸியோ போடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பிபாவுக்கும் ஒருநாள் இது நடக்கும் என்று எதிர்பார்த்தே இருந்தார்.

நிவெஸ் நாயின் உதட்டை விலக்கினாள். ஈறு உலர்ந்து விரலில் ஒட்டியது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள். அது மெதுவாகத்தான் படிந்தது. வயிற்றில் கை வைத்ததும் பிபா முனகியது. தரையில் இறக்கிவிட்டபோது முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையோடு பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. வயிற்றுவலி தாங்காத நாய்கள் அப்படித்தான் நிற்கும்.

"வீட்ல ஏதாவது குடுத்தீங்களா?"

"உப்புத் தண்ணி. அப்புறம் பால்."

"யாரு குடுக்கச் சொன்னது?"

"எல்லாரும் குடுக்கறதுதான்."

"எல்லாரும் குடுக்கறதாலதான் எனக்கு ஞாயித்துக்கிழமையும் கடை திறந்திருக்கு."

நாயின் கண்மணிகளில் விளக்கடித்துப் பார்த்தாள். ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அது உறைகிறதா என்று பார்த்தபடி நின்றாள். எட்ஸியோ மேசையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சலைன் கம்பியில் இடித்துக்கொண்டார்.

"நடுக்கம் இல்ல. வலிப்பு இல்ல. எச்சில் ஒழுகல. ரத்தம் உறையுது. இங்க காட்டுல போடற விஷம் எதுவும் இப்படிக் காட்டாது பார்பா."

"இல்ல உன் தம்பிங்கறதால உனக்குத் தெரியலயா?"

"மனுஷா!" என்றார் ஒந்தினா. "வாயை மூடு. அவதான் ஊசி போடணும்."

நிவெஸ் காதில் விழாததுபோல் கேட்டாள்: "இந்த வாரம் எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?"

"காட்டுக்கு."

"காட்டுல எந்தப் பக்கம்?"

"மரம் இருக்கற பக்கம்."

"நான் காளான் தேடல. நோயைத் தேடறேன்."

"நீயும் உன் தம்பியும் ஞாயித்துக்கிழமையானா ஒரே மேசையில சாப்பிடறீங்க," என்றார் எட்ஸியோ.

இதில் அவரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. ட்ரஃபிள் தேடுபவர்கள் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் நடப்பார்கள். தோண்டிய குழியை மூடி, மேலே சருகைப் பரப்பிவிட்டு வருவார்கள். நல்ல மரம் எது என்பதைச் சாகும்வரை சொல்லாமலே போனவர்கள் உண்டு. முப்பது வருடம் கூடவே வாழ்ந்த ஒந்தினாவுக்கே எட்ஸியோ ஒரு மரத்தைக்கூடக் காட்டியதில்லை.

நிவெஸுக்கும் இது தெரியும். இடத்தை விட்டுவிட்டு வேறு வழியில் வந்தாள். "சரி, இடம் வேண்டாம். என்ன தின்னான்னு மட்டும் சொல்லுங்க. எலும்பு, கல்லு, துணி, பந்து, பழக்கொட்டை, மக்காச்சோளம்..."

"ஒண்ணும் இல்ல."

அவள் பேசி முடிக்கும் முன்பே அந்தப் பதில் வந்துவிட்டது. அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஒண்ணும் இல்லையா?" என்றார் ஒந்தினா. "வியாழக்கிழமை பன்னிக்கொழுப்பு உருக்கினோமே! வறுவல் மிச்சத்தை நீதானே அவளுக்குத் தட்டு நிறையப் போட்டே?"

எட்ஸியோ நடப்பதை நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். "ஆமா," என்றார். "தட்டு இல்ல. கிண்ணம். பெரிய கிண்ணம்."

நிவெஸின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. கொழுப்பை அளவுக்குமேல் தின்ற நாய், மூன்றாம் நாள் வாந்தி, வயிற்றில் வலி. கணையம் வீங்கியிருக்கிறது என்று சொல்ல எல்லாம் பொருந்தியது. எக்ஸ்ரே எடுத்தாள். குடலில் வாயு நிறைய இருந்தது. வேறு பொருள் எதுவும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில் அந்த வாயுவே எல்லாவற்றையும் மறைத்தது. கணையத்துக்கான சோதனைக் கீற்றில் ரத்தம் விட்டபோது நிறம் ஏறியது. அந்தக் கீற்று சில சமயம் வேறு வயிற்றுக் கோளாறுகளிலும் நிறம் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். படித்ததுதான், சிலமுறை பார்த்ததும்தான். ஆனால் கணையம் என்றால் அது யாரும் செய்த வேலை இல்லை. வீட்டுச் சமையலறையில் இருந்து வந்தது. தம்பியின் பெயர் அதில் இல்லை.

"கணையம்," என்றாள்.

"அப்ப விஷம் இல்ல," என்றார் ஒந்தினா.

"விஷம் இல்ல."

எட்ஸியோ மறுத்துப் பேசவில்லை. அந்த நோய் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

பிபாவின் முன்னங்காலில் முடியை மழித்து, ஊசி குத்தி, சலைன் ஏற்றினாள். வலிக்கு ஒன்று, வாந்தி நிற்க ஒன்று. சாப்பாடு கூடாது. "கணையத்துக்குக் கத்தி கிடையாது," என்றாள். "தண்ணி ஏத்தணும், வலியைக் குறைக்கணும், காத்திருக்கணும். கிழிச்சா உயிருக்கே மோசம். இங்கயே இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க."

ஒந்தினா நடந்தே வீட்டுக்குப் போனார். எட்ஸியோ எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த தன் பழைய பாண்டா காரில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

மத்தியானம் நிவெஸ் தம்பிக்குப் போன் செய்தாள். பேச வந்ததை நேராகப் பேச முடியாமல், சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தாள்.

"என்ன விஷயம்னு சொல்லு," என்றான் டாரியோ. "நீ சாப்பாட்டைப் பத்திக் கேட்டா ஏதோ கேடு நடந்திருக்கு."

"எட்ஸியோவோட நாய் இங்க படுத்திருக்கு. வாந்தி."

"அதுக்கு?"

"டேய், நீ எதுவும் பண்ணலதானே?"

"நிவெஸ், கேளு. கொல்லணும்னு நினைச்சா எட்ஸியோவைக் கொல்லுவேன். அந்த நாய் என்ன பாவம் பண்ணுச்சு? நம்ம வட்டாரத்துலயே நல்ல மூக்கு அதுக்குத்தான். என் நாய் இருந்தப்பவே சொல்லியிருக்கேன்."

"சரி, சரி."

"சரி சரின்னா என்ன? கேட்டுட்டே இல்ல? நேத்து சனிக்கிழமை, காட்டுப்பன்னிக்குத் தீனி போடற மேட்டுக்கு மூட்டை தூக்கிட்டுப் போனேன், எப்பவும் போல. வேட்டைச் சங்கத்துல மத்தவனுக்கெல்லாம் முதுகு வலி, எனக்கு மட்டும்தான் முதுகு இருக்கு. போற வழியில ஒரு ஆளைப் பாக்கல, ஒரு நாயைப் பாக்கல. எழுதிக் குடுக்கவா?"

"வேண்டாம்."

"சாயங்காலம் சாப்பிட வரவா வேண்டாமா?"

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள்.

போனை வைத்த பிறகும் நிம்மதி வரவில்லை. கீழே போய் நாயைப் பார்த்தாள், மேலே வந்தாள். ஜன்னலை இறுக்கி மூடினாள். காற்று அதைத் திறந்தது. மறுபடி கீழே போனாள். வாந்தியை நிறுத்தும் ஊசி நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். சாயங்காலம் பிபா மறுபடி வாந்தி எடுத்தது. கொஞ்சம்தான், பழுப்பு நிறம். குனிந்து முகர்ந்தாள். வாடை அவளுக்குப் பிடிக்கவில்லை. கணையத்தில் இப்படி வரக் கூடாது என்றில்லை. வரலாம். அந்த 'லாம்'தான் அவளை உறங்க விடவில்லை.

படியிறங்கி வாசலுக்கு வந்து பார்த்தபோது பாண்டா அங்கேயே நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் மூச்சின் ஆவி படிந்திருந்தது.

"இன்னும் போகலயா?" என்றாள்.

"எப்படி இருக்கா?"

"அப்படியே இருக்கா."

"அப்படியேன்னா நல்லதா கெட்டதா?"

"அப்படியேன்னா அப்படியே, பார்பா."

திங்கட்கிழமை காலை நாயின் இதயத் துடிப்பு கூடியிருந்தது. காது சில்லென்று இருந்தது. நிவெஸ் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, முந்தைய நாள் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் மாட்டினாள். குடலின் ஒரு வளைவு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு ஊதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அது சாதாரண வாயுப்பையாகத் தெரிந்தது. இன்று அது எதன் மீதோ முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஆனால் எதன் மீது? அங்கே நிழலாகக்கூட ஒன்றும் இல்லை. கல்லென்றால் தெரிந்திருக்கும். எலும்பென்றாலும் தெரிந்திருக்கும்.

அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். துணி தெரியாது. பிளாஸ்டிக் தெரியாது. பழக்கொட்டை அநேகமாகத் தெரியாது. அப்போதுதான் முந்தைய நாள் காலையில் தான் அடுக்கிய பட்டியலும், அதன் கடைசிச் சொல் முடியும் முன் வந்த பதிலும் நினைவுக்கு வந்தன.

எட்ஸியோவை உள்ளே கூப்பிட்டாள். ஒந்தினாவும் வந்துவிட்டிருந்தார், கையில் பீன்ஸ் சூப்புப் பாத்திரத்தோடு. இரவு முழுக்கக் காரில் கிடந்த மனுஷன் சூடாக ஏதாவது சாப்பிடட்டும் என்று. பாத்திரத்தை வைக்க இடம் தேடிக்கொண்டே நின்றார்.

"ரெண்டே வழிதான் இருக்கு," என்றாள் நிவெஸ். "நான் சொன்ன மாதிரி கணையமா இருந்தா, இப்ப நான் வயித்தைக் கிழிச்சா இந்த நிலைமையில தாங்க மாட்டா. குடல்ல ஏதோ அடைச்சிருந்தா, கிழிக்கலன்னா சாயங்காலம் தாங்க மாட்டா. எது எதுன்னு மெஷின் சொல்லாது. நீங்கதான் சொல்லணும்."

"நான் என்ன டாக்டரா?"

"கூடப் போனது நீங்கதானே."

எட்ஸியோ வெளியே போனார். வாசலில் காற்றில் சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். தீக்குச்சி அணைந்தது, அடுத்ததும் அணைந்தது. சிகரெட்டை அப்படியே சட்டைப் பையில் திணித்துவிட்டு உள்ளே வந்தார்.

"மக்காச்சோளக் கட்டை," என்றார் தரையைப் பார்த்தபடி. "மணி போன வெறும் கட்டை. கடிச்சு முழுங்கிட்டா."

"எப்ப?"

"புதன்கிழமை."

"ஏது மக்காச்சோளம்?"

"சந்தையில வாங்கினது."

"எந்தச் சந்தை?" என்றார் ஒந்தினா உண்மையான ஆச்சரியத்தோடு. "நவம்பர்லயா? நம்ம வீட்ல ஏது மக்காச்சோளம்? நீ சந்தைக்கே போனதில்லையே மனுஷா, உப்பு வாங்கக்கூட நான்தானே போறேன்!"

எட்ஸியோ கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்துக் காலைல விஷம்," என்றாள் நிவெஸ். "அப்புறம் ஒரு கிண்ணம் வறுவல். இன்னைக்குச் சந்தைச் சோளம். மூணாவது கதையை நம்பி நான் இவ வயித்துல கத்தி வைக்கணுமா? உள்ள ஒண்ணும் இல்லன்னா நானே கொன்னவளாவேன். உண்மைன்னு எனக்குத் தோணற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சோளம்தான். சத்தியமா."

"சத்தியம் நேத்தும் பண்ணியிருப்பீங்க."

மேசையில் பிபா வாயை அகலத் திறந்து ஓங்கரித்தது. எதுவும் வரவில்லை. எட்ஸியோ அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் பள்ளத்தாக்கில் ஆற்றின் காடு இருக்கும் கரையில் யாரும் இப்போது மக்காச்சோளம் போடுவதில்லை, வயலெல்லாம் புல்லாகிவிட்டது. இது டாக்டருக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கரையில் சோளம் கிடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

"ஒந்தினா," என்றார், "நீ வெளிய போ."

"நானா? எதுக்கு?"

"போன்னா போ."

"முப்பது வருஷம் துணி துவைச்சுப் போட்டிருக்கேன்," என்றார் ஒந்தினா. "உன் சட்டையில என்ன மண்ணு ஒட்டியிருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? நான் எங்கயும் போகல. சொல்லித் தொலை."

எட்ஸியோ மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மூச்சு விடாமல் சொன்னார்.

"காட்டுப்பன்னிக்குத் தீனி போடற மேடு. வேட்டைச் சங்கத்தோடது. நாயோட உள்ள வரக் கூடாதுன்னு பலகை போட்டிருக்கே, அதைத் தாண்டிக் கீழ. மேட்டுல மூட்டை அவுத்துக் கொட்டற இடத்துக்கு இருபது அடி கீழ மூணு கருவாலி நிக்குது. நீல மூட்டை. வாயைச் சிவப்புச் சணல்ல கட்டியிருக்கும், ரெட்டை முடிச்சு போட்டு. உன் தம்பி கட்டற முடிச்சு. சனிக்கிழமை அவன் கொட்டிட்டுப் போவான், நான் புதன்கிழமை போவேன். பன்னிங்க மணியைத் தின்னுட்டுக் கட்டையைப் போட்டிருந்துச்சு. அவ ஒண்ணை எடுத்தா. நான் வாயைத் திறந்து பாதியைப் பிடுங்கினேன். மீதிப் பாதி போயிருச்சு. மறுநாள் நல்லாத்தான் இருந்தா. ரெண்டாம் நாளும் நல்லாத்தான் இருந்தா. அதான் நான்..."

இரட்டை முடிச்சைக் கேட்டதும் நிவெஸ் திரும்பிவிட்டாள். அந்த முடிச்சை அவள் அறிவாள். சின்ன வயதில் அவளுடைய பள்ளிப்பையை டாரியோ அப்படித்தான் கட்டி வைத்துச் சிரிப்பான். அங்கே போய்ப் பார்க்காதவர் சொல்ல முடியாத விஷயம் அது. திங்கட்கிழமை வேலைக்கு வந்திருந்த உதவியாளரிடம் மயக்க மருந்து எடுக்கச் சொன்னாள்.

"கட்டை எக்ஸ்ரேயில தெரியாது," என்றாள், கையைக் கழுவிக்கொண்டே. "செரிக்கவும் செரிக்காது. நாலஞ்சு நாள் வயித்துலயே சும்மா கிடக்கும். அப்புறம் நகர்ந்து குடலுக்குள்ள போய் மாட்டிக்கும்."

"பொழைப்பாளா?"

"வெளிய இருங்க."

"நான் முதல்லயே சொன்னதுல தப்பில்லையே," என்றார் எட்ஸியோ கதவருகே நின்று. குரலில் பலம் இல்லை. "உன் தம்பி போட்டதுதானே?"

நிவெஸ் முழங்கையால் கதவைத் தள்ளி மூடினாள்.

சிறுகுடலின் நடுப்பகுதியில் கட்டை இருந்தது. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனையில் பல் பதிந்த தடம். அதைச் சுற்றி இருந்த குடல் கறுத்துப்போயிருந்தது. நிவெஸ் கொஞ்ச நேரம் காத்திருந்து நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். திரும்பவில்லை. கறுத்த பகுதியை இரண்டு பக்கமும் இடுக்கி போட்டு நறுக்கி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தாள். தையலுக்குள் தண்ணீர் செலுத்தி ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஓரிடத்தில் ஒழுகியது. அங்கே இன்னொரு தையல் போட்டாள். வயிற்றைக் கழுவினாள். வெளியே காற்று தகரக் கூரையை ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாளே திறந்திருந்தால் ஒரு சின்னக் கீறலில் கட்டையை எடுத்து மூடியிருக்கலாம். அதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

கணையத்தையும் பார்த்தாள். அது நன்றாக இருந்தது.

வயிற்றைத் தைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. டாரியோவின் குரல். தீவனக் கடைக்கு வந்தவன், நாய் என்னவாயிற்று என்று கேட்க நுழைந்திருந்தான்.

"என்ன பார்பா, என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தாச்சா?"

பதிலுக்கு ஒந்தினாவின் குரல்தான் கேட்டது: "சூப்பு சாப்பிடறியா டாரியோ? இவர் தொடவே மாட்டேங்கறார்."

அறுவை மேசையருகே இருந்த கிண்ணத்தில் கட்டை கிடந்தது. நிவெஸ் அதைப் பார்த்தாள். உதவியாளரைப் பார்த்தாள். இரத்தம் துடைத்த துணிகளோடு சேர்த்து அதை எரிக்கும் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கக் கட்டினாள். நறுக்கி எடுத்த குடலை மட்டும் கிண்ணத்தில் விட்டாள்.

அவள் கதவைத் திறந்தபோது டாரியோ கையில் சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். எட்ஸியோ சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சது," என்றாள். "உயிரோட இருக்கா. அஞ்சு நாள் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும். தையல் பிரியக் கூடாது."

ஒந்தினா சிலுவை போட்டுக்கொண்டார். எட்ஸியோவின் கண் அவளுக்குப் பின்னால் கட்டையைத் தேடியது.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்றான் டாரியோ.

எட்ஸியோ நிவெஸின் முகத்தைப் பார்த்தார்.

"எலும்பு," என்றாள்.

"எலும்பா? எலும்புன்னா எக்ஸ்ரேயில தெரியுமே. நீதானே என் நாய்க்கு அப்படிச் சொன்னே?"

"எல்லா எலும்பும் தெரியாது," என்றாள் நிவெஸ். "கோழி எலும்பு. மெல்லிசு. நீ சூப்பைக் குடிச்சுட்டுக் கிளம்பு, எனக்கு இடத்தைக் கழுவணும்."

டாரியோ அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தான். பிறகு எட்ஸியோவின் பக்கம் திரும்பினான். "கோழி எலும்பைப் போட்டுட்டு என் மேல விஷம்னு சொல்லுவே. நல்லா இருக்கு பார்பா." கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, "நல்லாயிட்டா சந்தோஷம்," என்று நாயிருந்த அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

கதவு மூடியும் எட்ஸியோ நகரவில்லை.

"ராத்திரி அவன்கிட்ட இடத்தைச் சொல்லிருவே," என்றார்.

"மாட்டேன்."

"இன்னைக்கு மாட்டே. ஒருநாள் ஏதாவது பேச்சுல, சாப்பிடும்போது..."

"பார்பா, நேத்தே நீங்க சொல்லியிருந்தா இவளுக்குக் குடல் நறுக்கியிருக்க வேண்டாம்."

"நேத்தே நீயும் கேட்டிருக்கலாம்."

"கேட்டேன்."

"கேட்டே. ஆனா வறுவல்னு சொன்னதும் விட்டுட்டே."

ஒந்தினா சூப்புப் பாத்திரத்தை மூடி, துண்டில் சுற்றிக் கட்டினார்.

தையல் பிரியவில்லை. நான்காம் நாள் பிபா கொஞ்சம் வேகவைத்த கோழிக்கறி தின்றது. ஏழாம் நாள் வீட்டுக்குப் போனது. ஜனவரி கடைசியில் எட்ஸியோ அதைக் காட்டுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். பலகையைத் தாண்டும்போது வாய்க்கூண்டு மாட்டினார், கருவாலிகளுக்குக் கீழே போனதும் கழற்றினார். டாரியோ இன்றும் சனிக்கிழமைதோறும் நீல மூட்டையைக் கொண்டுபோய் அங்கே கொட்டிவிட்டு வருகிறான்.

ஏப்ரலில் பிபாவுக்கு வெறிநோய்த் தடுப்பூசி பாசின் ஊரில் போடப்பட்டது. பூசெத்திலிருந்து பாசின் காரில் முக்கால் மணி நேரம். அந்த ஊர் டாக்டருக்குத் தம்பி கிடையாது.